முன் ஃபோர்க்கில் ஆயில் கசிவு: சீலை மாற்றும் முன் பார்க்க வேண்டியவையும் மாற்றும் முறையும்

பைக்கின் முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில், சக்கரத்துக்கு மேலே பளபளக்கும் பைப்பில் கறுத்த ஆயில் வளையம் ஒன்று தெரிந்தால், 'சீல் போய்விட்டது, மாற்றிவிடலாம்' என்பதே பெரும்பாலான பட்டறைகளில் கிடைக்கும் பதில். அது பாதிதான் சரி. சீல், அதாவது ஆயிலை உள்ளே அடைத்து வைக்கும் ரப்பர் வளையம், கசிகிறது என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் அது வயதாகித் தானே கெட்டதா, அல்லது வேறொன்று அதைக் கெடுத்ததா என்பதற்கு அந்தப் பதிலில் விடை இல்லை. பைப்பில் துரு அரித்த ஒரு குழியோ, கல் பட்டு எழுந்த ஒரு பிசிறோ இருந்தால், இன்று போடும் புதுச் சீலும் சில வாரங்களில் அதே இடத்தில் கிழியும். அதனால் இந்த வழிகாட்டியில் சீலை அடித்து இறக்கும் வேலையைவிட, அதற்கு முன் பைப்பைச் சோதிக்கும் வேலைக்கே அதிக இடம் தரப்பட்டுள்ளது.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது, 100 சிசி வண்டிகள் முதல் 350 சிசி வண்டிகள் வரை பரவலாக உள்ள சாதாரண டெலஸ்கோப்பிக் ஃபோர்க்: மெல்லிய பைப் மேலேயும், தடித்த அலுமினியக் கூடு கீழேயும் இருக்கும் வகை. தலைகீழாக அமைந்த அப்சைடு டவுன் ஃபோர்க்கைப் பற்றித் தேவையான இடத்தில் மட்டும் சொல்லப்படும்.

உள்ளே நடப்பது என்ன

ஃபோர்க்கின் ஒவ்வொரு காலிலும் ஹார்டு குரோம் பூசிய எஃகு பைப் ஒன்று, பாட்டம் கேஸ் எனப்படும் அலுமினியக் கூட்டுக்குள் ஏறி இறங்குகிறது. உள்ளே நீண்ட ஸ்பிரிங், சிறு துளைகள் கொண்ட டேம்பர் ராடு, ஆயில் ஆகியவை இருக்கின்றன. வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் துள்ளாமல் அடக்குவது, துளைகளின் வழியே நெருக்கிப் பாயும் ஆயில். இந்த ஆயில் வெளியே வராமல் காப்பதற்காகப் பாட்டம் கேஸின் வாயில் ஆயில் சீல் உட்கார்ந்திருக்கிறது. அதன் ரப்பர் உதட்டைச் சுற்றி மெல்லிய வளையச் சுருள் ஒன்று இருந்து, உதட்டைப் பைப்போடு அணைத்துப் பிடிக்கிறது. சீல் மேலே ஏறிவிடாமல் ஒரு கம்பி லாக் தடுக்கிறது. அதற்கும் மேலே, மண்ணும் தண்ணீரும் உள்ளே போகாமல் தடுக்க டஸ்ட் சீல் இருக்கிறது.

நன்றாக உள்ள சீல்கூடப் பைப்பை முற்றிலும் வறட்டிவிடுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய ஆயில் படலம் பைப்பின் மேல் எப்போதும் இருக்கும். அது இல்லாவிட்டால் ரப்பர் உராய்ந்து தேய்ந்துவிடும். அந்தப் படலத்தில் ஒட்டும் தூசியை வழித்துத் தள்ளுவது டஸ்ட் சீலின் பொறுப்பு. செம்மண் சாலையிலும், மணல் லாரிகளின் பின்னாலும் நாள்தோறும் ஓடும் வண்டியில் டஸ்ட் சீல் வெடித்தோ தளர்ந்தோ போனால், மண் துகள் ஆயில் சீலின் உதடு வரை இறங்கிவிடும். பிறகு ஒவ்வொரு வேகத்தடையிலும் அந்தத் துகள் பைப்பையும் உதட்டையும் சேர்த்தே கீறும்.

கசிவு எங்கிருந்து வருகிறது என்பதை உறுதி செய்தல்

முதலில் இரண்டு கால்களையும் மேலிருந்து கீழ்வரை நன்றாகத் துடைக்க வேண்டும். பிறகு வண்டியில் ஏறி, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டில் பாரைப் பத்துப் பன்னிரண்டு முறை அழுத்தி விட வேண்டும். பைப்பின் மேல் விரலால் தடவினால் மட்டும் தெரியும் லேசான ஈரம் இருந்தால் கவலைப்பட வேண்டியதில்லை. தெளிவான வளையம் விழுந்தாலோ, டஸ்ட் சீலின் விளிம்பில் ஆயில் திரண்டு பாட்டம் கேஸில் வழிந்தாலோ, அது சீல் கசிவுதான்.

இரண்டு இடங்கள் இதோடு குழப்பும். பாட்டம் கேஸின் அடியில் உள்ள ஆலன் போல்ட்டின் செப்பு வாஷர் நசுங்கியிருந்தால், அச்சுக்கு அருகில் மட்டும் ஈரம் தெரியும். பைப் காய்ந்தே இருக்கும். மேல் மூடியின் ஓ-ரிங் கெட்டிருந்தால், ஆயில் மேலிருந்து பைப்பின் வழியாக வழியும். இரண்டுக்கும் ஆயில் சீலை மாற்ற வேண்டியதில்லை. டிஸ்க் பிரேக் உள்ள காலில் ஈரம் என்றால், அது பிரேக் ஆயிலாகவும் இருக்கலாம். பிரேக் ஆயில் தண்ணீரில் கரையும், பெயின்ட்டை உரிக்கும். ஃபோர்க் ஆயில் தண்ணீரில் கரையாது, பழையதாக இருந்தால் குமட்டும் நாற்றம் வரும்.

கசிவு டிஸ்க்கையோ பிரேக் பேடையோ எட்டிவிட்டது என்றால், அதன் பிறகு வண்டியை ஓட்டக் கூடாது. மற்றவற்றைத் தள்ளிப் போடலாம், இதை முடியாது. டிஸ்க்கைப் பிரேக் கிளீனரால் துடைத்துச் சுத்தம் செய்துவிடலாம். ஆனால் ஆயில் ஊறிய பேடைத் துடைத்தோ, சுட்டோ, தேய்த்தோ பழையபடி நம்ப முடியாது. புதுப் பேடுதான் போட வேண்டும்.

கழற்றாமல் செய்யக்கூடிய முதல் முயற்சி

சீலின் உதட்டில் மண் துகள் சிக்கி, அந்த இடத்தில் மட்டும் இடைவெளி விழுந்து கசிவதும் உண்டு. உதடு கிழியாமல் இருந்தால், துகளை எடுத்த உடனே கசிவு நின்றுவிடும். இதற்குப் பழைய எக்ஸ்ரே ஃபிலிம் ஒன்று போதும். விரல் அகலத்துக்கு ஒரு துண்டை வெட்டி, அதன் ஓர் ஓரத்தில் சிறு கொக்கி போன்ற வெட்டு போட்டு, விளிம்புகளை நன்றாக மழுக்கிக்கொள்ள வேண்டும்.

டஸ்ட் சீலை மெல்ல நெம்பிப் பைப்பின் மேலே தள்ளிவிட்டு, அங்கே சேர்ந்திருக்கும் சேற்றை முதலில் துடைத்தெடுக்க வேண்டும். பிறகு ஃபிலிமைப் பைப்புக்கும் சீலுக்கும் இடையே கீழ்நோக்கிச் செருகி, பைப்பைச் சுற்றி ஒரு முழு வட்டம் வரும் வரை மேலும் கீழுமாக இழுக்க வேண்டும். ஃபிலிமோடு கறுப்பு அழுக்கு வரும். ஒவ்வொரு முறையும் அதைத் துடைத்துவிட்டுத் தொடர வேண்டும். அழுக்கு வராமல் ஆன பிறகு ஃபோர்க்கைப் பலமுறை அழுத்தி, துடைத்து, மறுபடி பார்க்க வேண்டும். ஹேக்சா பிளேடு, ஃபீலர் கேஜ், கத்தி முனை போன்ற எந்த இரும்பையும் இதற்குப் பயன்படுத்தக் கூடாது. மண் செய்யாத சேதத்தை அது ஒரே இழுப்பில் செய்துவிடும்.

இரண்டு நாள் ஓடிய பிறகும் பைப் காய்ந்தே இருந்தால் வேலை முடிந்தது. ஆனால் அதற்குள் எவ்வளவு ஆயில் போயிருக்கிறது என்பது வெளியிலிருந்து தெரியாது. நெடுநாள் கசிந்த காலில் ஆயில் அளவைச் சரிபார்க்காமல் விட்டால், அந்தக் காலின் அடக்கும் திறன் குறைந்து, வண்டியின் முன்பக்கம் துள்ளும். அப்சைடு டவுன் ஃபோர்க்கிலும் இதே முறை பயன்படும். அங்கே சீல் தலைகீழாக இருப்பதால் டஸ்ட் சீலைக் கீழே இறக்கி, ஃபிலிமை மேல்நோக்கிச் செருக வேண்டும். அதற்கு மேல் அந்த வகையில் கை வைக்க, அந்தந்த மாடலுக்கான சிறப்புக் கருவிகள் வேண்டியிருப்பதால், அனுபவம் உள்ளவரிடம் கொடுப்பதே நல்லது.

பைப்பைச் சோதித்தல்

இதைக் கழற்றும் முன்பே பெருமளவு செய்துவிடலாம், செய்ய வேண்டும். புதுப் பைப் வாங்க வேண்டுமா என்பது சீல் வாங்கப் போகும்போதே தெரிந்திருந்தால், வண்டி பிரிந்த நிலையில் பட்டறையில் காத்துக் கிடக்காது.

பைப்பைத் துடைத்துவிட்டு, விரல் நகத்தை மேலிருந்து கீழாகவும் சுற்றிலும் மெதுவாக இழுத்துப் பார்க்க வேண்டும். நகம் தடுக்கும் இடம் ஒவ்வொன்றையும் மார்க்கர் பேனாவால் குறித்துக்கொள்ள வேண்டும். நகத்துக்குத் தெரியாததைப் பஞ்சு காட்டும்: சிறிது பஞ்சை எடுத்துப் பைப் முழுவதும் தடவினால், பிசிறு இருக்கும் இடத்தில் இழை சிக்கி நிற்கும். வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்துப் பார்த்தால், நேர்ப் பார்வையில் மறைந்த நெடுங்கீறல்களும் தெரிய வரும்.

எல்லாக் குறையும் கசிவுக்குக் காரணம் ஆவதில்லை. சீலின் உதடு உரசிச் செல்லும் பகுதிதான் முக்கியம். அது எது என்பதை அறிய, பைப்பைச் சுற்றி மெல்லிய கேபிள் டை ஒன்றைத் தளர்வாகக் கட்டி, டஸ்ட் சீலை ஒட்டி இறக்கி வைத்துவிட்டு, வழக்கமாகப் போகும் சாலையில் ஒரு சுற்று போய்வர வேண்டும். கேபிள் டை எந்த உயரத்தில் நிற்கிறதோ, அதற்குக் கீழே உள்ள பகுதிதான் அன்றாடம் சீலுக்குள் போய் வருகிறது. பைப்பை மேலே கவ்விப் பிடிக்கும் இரண்டு கிளாம்ப்புகளில் கீழ் கிளாம்ப்பை ஒட்டிய இடத்தில் துரு இருந்தால் பார்வைக்கு அசிங்கம், சீலுக்கு ஆபத்தில்லை. கீழ்ப்பகுதியில் கடுகளவு குழி இருந்தாலும், அதன் கூரான விளிம்பு ஒவ்வொரு முறையும் உதட்டை அறுக்கும். கடலோர ஊர்களில் உப்புக் காற்றில் நிற்கும் வண்டிகளிலும், மழையில் நனைந்து மாதக் கணக்கில் ஓடாமல் நிற்கும் வண்டிகளிலும், டஸ்ட் சீலுக்குச் சற்று மேலேதான் இந்தக் குழிகள் அதிகம் தென்படும்.

சிறிய குறைகளைச் சரிசெய்ய முடியும். கல் பட்டு எழுந்த பிசிறு என்றால், எழுந்து நிற்கும் முனையை மட்டும் மெல்லிய எண்ணெய்க் கல்லால் தட்டையாக்கி, பிறகு 1000, 1500, 2000 என்ற வரிசையில் நீர் உப்புத்தாளை ஆயிலில் நனைத்து லேசாகத் தேய்க்க வேண்டும். தேய்க்கும் திசை பைப்பைச் சுற்றி இருக்க வேண்டும். நெடுக்குவாட்டில் தேய்த்தால் விழும் நுண்கோடுகள் ஆயிலுக்கு வழியாகிவிடும். உட்குழிந்த துருக் குழி ஒன்றிரண்டு என்றால், துருவைச் சுத்தமாக எடுத்து, ஆல்கஹாலால் துடைத்து, இரு பாகங்களைக் கலக்கும் எபாக்ஸியால் நிரப்பி, காய்ந்த பிறகு பைப்பின் மட்டத்துக்குத் தேய்த்துவிடலாம். அன்றாட ஓட்டத்துக்கு இது நெடுநாள் தாங்குவது உண்டு.

குரோம் செதில் செதிலாக உரிந்திருந்தாலோ, குழிகள் கூட்டமாக இருந்தாலோ எபாக்ஸி வேலைக்கு ஆகாது. அப்போது வழி இரண்டு: புதுப் பைப், அல்லது பழைய குரோமை அகற்றி மறுபடி ஹார்டு குரோம் ஏற்றி, சரியான விட்டத்துக்குக் கிரைண்டிங் செய்வது. சிறிய வண்டிகளுக்குப் புதுப் பைப்பே மலிவு. உதிரிபாகம் வருவது நின்றுபோன பழைய வண்டிகளுக்கு இரண்டாவது வழி கைகொடுக்கும். அம்பத்தூர், கோயம்புத்தூர் போன்ற தொழிற்பேட்டைப் பகுதிகளில் இந்த வேலையைச் செய்யும் கூடங்கள் உள்ளன. அலங்காரத்துக்குப் பூசும் மெல்லிய குரோம் இதற்கு உதவாது என்பதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

வண்டி எங்காவது மோதியிருந்தால் வளைவையும் பார்க்க வேண்டும். கழற்றிய பைப்பைத் தடித்த கண்ணாடி மேல் உருட்டினால் பெரிய வளைவு கண்ணுக்கே தெரியும். சரியான முறை, வி வடிவப் பள்ளம் கொண்ட இரண்டு வி-பிளாக்குகளின் மேல் வைத்துச் சுற்றி, டயல் கேஜால் அளப்பது; ஹோண்டா போன்ற நிறுவனங்களின் சர்வீஸ் மேனுவல்கள் பலவற்றில் 0.2 மி.மீ. என்பதே எல்லை. லேசான வளைவை அழுத்தி நிமிர்த்துகிறார்கள். குரோமில் விரிசல் ஓடிய பைப்பை, அல்லது மடிந்தது போல் வளைந்த பைப்பை நிமிர்த்திப் போடுவது, சீலைவிட உயிருக்கே கேடு.

வாங்க வேண்டியவை

ஒரு காலில் மட்டும் கசிந்தாலும் இரண்டு கால்களுக்கும் சேர்த்தே மாற்றுவது நல்லது; இரண்டு சீல்களும் ஒரே வயதுடையவை, ஆயிலும் அப்படியே. ஆயில் சீல் இரண்டு, டஸ்ட் சீல் இரண்டு, அடி ஆலன் போல்ட்டுக்குச் செப்பு வாஷர் இரண்டு, மேல் மூடிக்கு ஓ-ரிங் இரண்டு, ஃபோர்க் ஆயில் ஆகியவை தேவை. கம்பி லாக் துருப்பிடித்திருந்தால் அதையும் சேர்க்க வேண்டும். டஸ்ட் சீலை மிச்சப்படுத்தப் பார்ப்பவர்கள் உண்டு. ஆயில் சீலைக் காப்பதே அதுதான் என்பதால், அந்த மிச்சம் நிலைப்பதில்லை.

சீலின் மேல் மூன்று எண்கள் அச்சிட்டிருக்கும். 41×54×11 என்று இருந்தால், உள்விட்டம் 41, வெளிவிட்டம் 54, உயரம் 11 மி.மீ. என்று பொருள். வண்டியின் பெயரை மட்டும் சொல்லி வாங்குவது சில நேரம் ஏமாற்றும். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 என்ற ஒரே பெயரில், 2021 செப்டம்பரில் அறிமுகமான வண்டியில் இருப்பது 41 மி.மீ. ஃபோர்க், அதற்கு முந்தையதில் 35 மி.மீ. மாடலோடு ஆண்டையும் சொல்லி, பழைய சீலின் எண்ணோடு ஒப்பிட்டு வாங்க வேண்டும். போலிச் சீல்களில் ரப்பர் விறைப்பாக இருக்கும், உதட்டின் ஓரம் பிசிறடித்திருக்கும். நகத்தால் உதட்டை லேசாக விரித்துப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்.

ஆயிலைப் பொறுத்தவரை, சிறிய வண்டிகள் பலவற்றுக்கு 10டபிள்யூ என்ற தடிப்புத் தரமும், ஒரு காலுக்குச் சுமார் 150 முதல் 200 மி.லி. வரையும் வேண்டியிருக்கும்; ஆனால் சரியான தரமும் அளவும் அந்த வண்டியின் மேனுவலில் உள்ளவைதான். 20டபிள்யூ-40 எஞ்சின் ஆயிலையே ஃபோர்க்கிலும் ஊற்றும் பழக்கம் பல இடங்களில் உண்டு. அது தடிப்பாக இருப்பதால், வரிசையாக வரும் குழிகளில் ஃபோர்க் ஒரு குழியில் அமுங்கி, அடுத்த குழி வருவதற்குள் விரிந்து திரும்ப நேரமில்லாமல் போகும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில் அவ்வளவு மோசமில்லை. 1970, 80-களில் ஹோண்டாவே பல மாடல்களின் ஃபோர்க்குக்கு அதைத்தான் குறிப்பிட்டது. இன்னொன்று, 10டபிள்யூ என்ற பெயர் ஒன்றாக இருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி தடிப்பு மாறும். ஆகவே இரண்டு கால்களுக்கும் ஒரே கம்பெனி ஆயிலைப் பயன்படுத்த வேண்டும்.

கழற்றும் வரிசை

வண்டி நிலத்தில் நிற்கும்போதே செய்ய வேண்டிய இரண்டு வேலைகளை மறந்தால், பின்னால் படாத பாடு பட வேண்டியிருக்கும். முதலாவது மேல் மூடி. மேல் கிளாம்ப்பின் போல்ட் மூடியின் மரையையும் சேர்த்து இறுக்கிக்கொண்டிருக்கும். ஆதலால் முதலில் அந்த கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி, பிறகு மூடியை அரைச் சுற்று மட்டும் தளர்த்த வேண்டும். இரண்டாவது, பாட்டம் கேஸின் அடியில் உள்ள ஆலன் போல்ட். அது உள்ளே இருக்கும் டேம்பர் ராடின் மரையில் ஏறியிருக்கிறது. அந்த ராடை வெளியிலிருந்து பிடிக்க வழியில்லை. வண்டியின் எடை ஸ்பிரிங்கை அழுத்திக்கொண்டிருக்கும்போது ராடு இறுகிப் பிடிபட்டிருக்கும் என்பதால், அப்போதே போல்ட்டைக் கால் சுற்று தளர்த்திவிட்டால், பிறகு அது உள்ளேயே சேர்ந்து சுற்றும் தொல்லை இருக்காது. அச்சு குறுக்கே நின்று சாவி எட்டாத வண்டிகளில், காலைக் கழற்றிய பின், ஸ்பிரிங்கும் மூடியும் உள்ளே இருக்கும்போதே, ஒருவர் பைப்பை அழுத்திப் பிடிக்க மற்றவர் போல்ட்டைத் திருப்ப வேண்டும். அப்படியும் சுற்றினால், வேகமான தட்டல்களால் திருப்பும் இம்பேக்ட் கன் உதவும். ஆலன் போல்ட்டின் குழியில் உள்ள சேற்றைக் குத்தி எடுத்துவிட்டு, சாவியை முழுதாகச் சுத்தியலால் தட்டி இறக்கிய பிறகே திருப்ப வேண்டும். அறுகோணக் குழி உருண்டுவிட்டால் போல்ட்டைத் துளையிட்டு எடுப்பதைத் தவிர வழியில்லை.

இனி வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, எஞ்சினுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து, முன் சக்கரம் தொங்கும்படி உறுதியாக நிறுத்த வேண்டும். பிரேக் கேலிப்பரைக் கழற்றி ஒரு கம்பியில் கட்டித் தொங்கவிட வேண்டும். அதன் எடை ஹோஸில் தொங்கக் கூடாது. பேடுகளுக்கு இடையே ஒரு மரச் சில்லைச் செருகிவிட்டால், யாராவது தவறிப் பிரேக் லீவரைப் பிடித்தாலும் பிஸ்டன் வெளியே வராது. ஸ்பீடோமீட்டர் கேபிள், ஏபிஎஸ் சென்சார், சக்கரம், மட்கார்டு ஆகியவற்றை அந்த வரிசையில் எடுக்க வேண்டும். மேல் கிளாம்ப்புக்கு மேலே பைப் எவ்வளவு நீட்டியிருக்கிறது என்பதை அளந்து எழுதிக்கொண்டு, கீழ் கிளாம்ப் போல்ட்டையும் தளர்த்தி, காலைத் திருகியபடி கீழே இழுக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு காலை மட்டும் பிரிப்பது நல்லது. பூட்டும்போது சந்தேகம் வந்தால், பிரிக்காத கால் பக்கத்திலேயே இருக்கும்.

மூடியைக் கழற்றும்போது உள்ளிருக்கும் ஸ்பிரிங் அதை மேலே தள்ளும். முகத்தை விலக்கி வைத்து, மூடியை உள்ளங்கையால் அழுத்தியபடியே கடைசி மரைகளைத் திருப்ப வேண்டும். சில வண்டிகளில் மரை மூடிக்குப் பதில் ஒரு அடைப்பும் கம்பி வளையமும் இருக்கும். அடைப்பைக் கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டு வளையத்தை நெம்பி எடுக்க வேண்டும். ஸ்பிரிங்கின் நெருக்கமான சுற்றுகள் மேலே இருந்தனவா, கீழே இருந்தனவா என்பதைப் பார்த்து வைக்க வேண்டும். பின்னர் ஆயிலைக் கவிழ்த்து, பைப்பைப் பலமுறை ஏற்றி இறக்கி, முழுவதும் வடித்து, அளக்க வேண்டும். வடித்த ஆயில் பல செய்திகளைச் சொல்லும்: பால் போல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது, சாம்பல் நிறத்தில் மினுங்கினால் அலுமினியமோ, பைப்பும் கூடும் நேரடியாக உரசாமல் இடையே இருக்கும் புஷ் என்ற வளையமோ தேய்கிறது.

பழைய சீலை எடுத்தல்

டஸ்ட் சீலை நெம்பி எடுத்து, கம்பி லாக்கை மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் பள்ளத்திலிருந்து வெளியே கொண்டுவர வேண்டும். அடி ஆலன் போல்ட்டை முழுவதும் கழற்றிய பிறகு, இரண்டு வகைகளில் ஒன்று நடக்கும். புஷ் இல்லாத சிறிய வண்டிகளில் பைப் இழுத்ததும் வந்துவிடும். சீல் பாட்டம் கேஸிலேயே நிற்கும். புஷ் உள்ள ஃபோர்க்கில், பைப்பைப் பிடித்துச் சில முறை வெளியே வெடுக்கென்று இழுத்தால், உள் புஷ் வெளிப் புஷ்ஷை முட்டி, வாஷர், சீல் எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு வரும். லாக்கை எடுக்க மறந்துவிட்டு இப்படி இழுத்தால் பாட்டம் கேஸின் பள்ளம் உடைந்துவிடும்.

முதல் வகையில், சீலை அகலமான ஸ்க்ரூடிரைவரால் நெம்ப வேண்டும். நெம்பும் இடத்தில் கேஸின் விளிம்புக்கு மேல் மரத்துண்டோ தடித்த துணியோ கொடுக்க வேண்டும். முனை சீலைத் தாண்டி உள்சுவரைத் தொடவே கூடாது. சீல் உட்காரும் அந்த வட்டச் சுவரில் ஆழமான கீறல் ஒன்று விழுந்தால், சீலின் வெளிப்பக்கமாக ஆயில் ஏறிவரும். அப்போது எத்தனை சீல் மாற்றினாலும் பலனில்லை.

டேம்பர் ராடின் அடியில் தொப்பி போன்ற சிறு அலுமினியத் துண்டு ஒன்று இருக்கும். அது பாட்டம் கேஸுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு நிற்கலாம், ஆயிலோடு தட்டில் விழுந்தும் கிடக்கலாம். ஃபோர்க் முழுவதும் அமுங்கும்போது உலோகம் உலோகத்தில் மோதாமல் காப்பது அதுதான். தேடி எடுத்து வைக்க வேண்டும். எல்லாப் பாகங்களையும் மண்ணெண்ணெயில் கழுவி, இழை விடாத துணியால் துடைத்து உலர்த்த வேண்டும். பட்டறைகளில் பெட்ரோலில் கழுவுவது வழக்கம். தீ அபாயம் ஒரு புறம் இருக்க, அது ரப்பரை உப்ப வைக்கும் என்பதால் ஓ-ரிங்குகளை அதில் போடக் கூடாது. புஷ்ஷின் மேல் உள்ள கரும்பூச்சு தேய்ந்து செம்பு நிறம் பரவலாகத் தெரிந்தால், புஷ்ஷையும் இப்போதே மாற்றிவிட வேண்டும்.

புதுச் சீலைப் பொருத்துதல்

டேம்பர் ராடை அதன் சிறு ஸ்பிரிங்கோடு பைப்புக்குள் இறக்கி, கீழே வெளிவரும் முனையில் அந்த அலுமினியத் தொப்பியை மாட்டி, பைப்பைப் பாட்டம் கேஸுக்குள் செலுத்த வேண்டும். ஆலன் போல்ட்டின் மரையைத் துடைத்து, நீல நிற மரைப் பசை ஒரு துளி தடவி, புதுச் செப்பு வாஷரோடு ஏற்ற வேண்டும். இறுக்க அளவு மேனுவலில் இருக்கும். பெரும்பாலும் 20 முதல் 30 நியூட்டன் மீட்டருக்குள்தான். ராடு சுற்றினால் ஸ்பிரிங்கைத் தற்காலிகமாக உள்ளே போட்டு அழுத்திக்கொண்டு இறுக்கலாம்.

சீல் கெடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பைப்பின் மேல் விளிம்பு கூராக இருக்கும். அதைக் கடக்கும் கணத்தில் உதடு அறுந்தால் வெளியே தெரியாது, வண்டி ஓடிய பிறகே தெரியும். அதற்காக ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையைப் பைப்பின் தலையில் கவிழ்த்து, அதன் மேல் ஃபோர்க் ஆயிலைத் தாராளமாகத் தடவி, சீலின் உள் உதட்டிலும் தடவி, சுற்றியபடி கீழே இறக்க வேண்டும். எண்கள் அச்சிட்ட பக்கம் மேலே, வளையச் சுருள் தெரியும் திறந்த பக்கம் கீழே, அதாவது ஆயிலை நோக்கி இருக்க வேண்டும். புஷ் உள்ள ஃபோர்க்கில் வரிசை இது: முதலில் வெளிப் புஷ், அதன் மேல் வாஷர், பிறகு ஆயில் சீல், லாக், கடைசியாக டஸ்ட் சீல்.

சீலை இறக்கப் பிரத்தியேகக் கருவி கடைகளில் கிடைக்கிறது. அது இல்லையென்றால், பைப்புக்கு மேல் தளர்வாக நுழையும், சீலின் வெளி விளிம்பில் மட்டும் உட்காரும் பிவிசி குழாயை நேராக அறுத்து, முனையைத் தேய்த்து, துகள்களைக் கழுவிப் பயன்படுத்தலாம். புதுச் சீலுக்கு மேல் பழைய சீலை ஒரு பக்கம் வெட்டி வைத்து அதன் மேல் அடித்தால், அடி சமமாகப் பரவும். வெட்டியிருப்பதால் பிறகு எளிதாக எடுத்துவிடலாம். குழாயைச் சீராகக் கீழே தட்டும்போது, முதலில் மந்தமாக இருக்கும் ஓசை, சீல் அடியில் உட்கார்ந்ததும் கெட்டியாக மாறும். லாக்கின் பள்ளம் சுற்றிலும் முழுவதும் தெரிய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தெரிந்தால் சீல் சாய்ந்திருக்கிறது. ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்து ஒரு பக்கமாகத் தட்டிச் சரிசெய்யக் கூடாது. லாக் பள்ளத்தில் சுற்றிலும் விழுந்துவிட்டதா என்று உறுதி செய்த பிறகே டஸ்ட் சீலை இறக்க வேண்டும்.

ஆயில் ஊற்றுதல்

மேனுவலில் இரண்டு வகை அளவுகள் இருக்கலாம்: மி.லி. கணக்கில் கொள்ளளவு, மி.மீ. கணக்கில் ஆயில் மட்டம். இரண்டில் மட்டத்தை நம்புவதே மேல். முழுவதும் கழுவி உலர்த்திய காலுக்கும், வெறுமனே வடித்த காலுக்கும் பிடிக்கும் கொள்ளளவு வேறு. காலை நேராக நிறுத்தி, ஸ்பிரிங் இல்லாமல், சொல்லப்பட்ட அளவைவிடச் சற்றுக் குறைவாக ஊற்றி, பைப்பை மெதுவாகப் பத்து முறைக்கு மேல் ஏற்றி இறக்கினால் உள்ளே சிக்கிய காற்று வெளியேறும். சில நிமிடங்கள் விட்டுவிட்டு, பைப்பை முழுவதும் அமுக்கி, அதன் மேல் விளிம்பிலிருந்து ஆயிலின் பரப்பு வரை உள்ள தூரத்தை ஸ்கேலால் அளந்து, ஆயில் குறைவாக இருந்தால் சேர்க்க வேண்டும், கூடுதலாக இருந்தால் சிரிஞ்சால் உறிஞ்ச வேண்டும். இரண்டு கால்களிலும் மட்டம் ஒன்றாக இருக்க வேண்டும்.

'கொஞ்சம் கூட ஊற்றினால் ஃபோர்க் கெட்டியாக இருக்கும்' என்பார்கள். அது பொய்யில்லை. ஆயிலுக்கு மேலே உள்ள காற்று, ஃபோர்க் அமுங்கும்போது சுருங்கி, இன்னொரு ஸ்பிரிங்காக வேலை செய்கிறது. ஆயில் கூடினால் காற்றுக்கு இடம் குறைந்து அழுத்தம் ஏறும். அந்த அழுத்தம் முழுவதும் புதுச் சீலின் மேல்தான் விழும்.

பூட்டும்போது

பைப்பைக் குறித்து வைத்த உயரத்தில் நிறுத்தி, முதலில் கீழ் கிளாம்ப்பை மட்டும் இறுக்கி, பிறகு மேல் மூடியை அதன் அளவுக்கு இறுக்கி, கடைசியில் மேல் கிளாம்ப்பை இறுக்க வேண்டும். சக்கரத்தை மாட்டி அச்சு நட்டை இறுக்கினாலும், பாட்டம் கேஸ் அச்சைக் கவ்வும் பின்ச் போல்ட் உள்ள வண்டிகளில் அதைத் தளர்வாகவே விட வேண்டும். வண்டியை நிலத்தில் இறக்கி, ஃபோர்க்கைப் பலமுறை அழுத்தி விட்டால், இரண்டு கால்களும் ஒன்றுக்கொன்று இணையாக வந்து நிற்கும். அதன் பிறகு பின்ச் போல்ட்டை இறுக்க வேண்டும். இந்தச் சிறு வேலையை விட்டுவிட்டால் கால்கள் லேசாக விரிந்தோ குறுகியோ நின்று, பைப் ஒரு பக்கமாகச் சீலை அழுத்தும். கேலிப்பரை மாட்டியதும், வண்டியை நகர்த்தும் முன்பே, லீவர் கெட்டியாகும் வரை பிரேக்கைப் பலமுறை பிடித்து விட வேண்டும். இல்லாவிட்டால் முதல் பிடியில் பிரேக் இருக்காது.

முதல் சில கிலோமீட்டர்களில், பொருத்தும்போது தடவிய ஆயில் மெல்லிய வளையமாகத் தெரியலாம். துடைத்துவிட்டால் திரும்ப வரக் கூடாது. வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல், பழைய எஞ்சின் ஆயிலைச் சேர்த்து வைக்கும் பட்டறையில் கொடுத்துவிட வேண்டும்.

மறுபடியும் கசிந்தால்

இரண்டாவது சீலை வாங்கும் முன், முதலாவது எப்போது, எப்படிக் கசிந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். பூட்டிய அன்றே கசிந்தால், பொருத்தும்போது உதடு அறுந்திருக்கிறது, அல்லது சீல் தலைகீழாகவோ சாய்ந்தோ இருக்கிறது. சில வாரம் நன்றாக ஓடிப் பிறகு ஒரு கோடாக, பைப்பின் ஒரே பக்கத்தில் கசிந்தால், அந்தக் கோட்டுக்கு நேரே பைப்பில் குழியோ பிசிறோ இருக்கும்; மறுபடி நகத்தையும் பஞ்சையும் எடுக்க வேண்டும். பைப் காய்ந்திருக்க, சீலின் வெளி ஓரத்தில் ஈரம் ஏறினால், பாட்டம் கேஸின் உள்சுவர் கீறியிருக்கிறது. இரண்டு கால்களும் ஒரே நேரத்தில் கசிந்தால், ஆயில் அதிகமாக இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பைப்பின் முன்பக்கமும் பின்பக்கமும் மட்டும் நனைந்தால், முன் பிரேக்கைப் பிடித்து ஃபோர்க்கை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்க்க வேண்டும். பைப் பாட்டம் கேஸுக்குள் தட்டும் ஆட்டம் கைக்குத் தெரிந்தால், புஷ் தேய்ந்திருக்கிறது. புஷ் இல்லாத சிறிய வண்டியில் தேய்ந்திருப்பது பாட்டம் கேஸேதான். அதை மாற்றாமல் அந்தக் காலுக்கு இன்னொரு சீல் வாங்க வேண்டாம்.